அவரைக்குக் குளித்த வருஷம்

என்னோடு ஊர்ப்பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு என் பெயர் மறந்திருக்கலாம்; என் தலையின் வாசனை மறந்திருக்காது. தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தழைத் தூள் என்றால் உடனே பிடிபட்டுவிடும். "ஏய் அரப்பு, அக்கட்ட தள்ளி உக்காருடா" என்று என்னைப் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்த்தியவர்களும் இதைப் படிப்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. நாமெல்லாம் முப்பதைத் தாண்டிவிட்டோம். உங்களில் சிலருக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. அரப்பைத் தொடாததால்தான் என்று என் அம்மா சொல்வாள்.

பழைய மாணவர் மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் விளையாட்டு விழாவை எழுதுவார்கள், சுற்றுலாவை எழுதுவார்கள். நான் எழுதப்போவது நாங்கள் வீட்டில் குளித்ததைப் பற்றி.

சிரிக்க வேண்டாம். ஏழாம் வகுப்பில், பங்குனி மாதத்தில் ஒரு காலை, வழக்கம்போல நீங்கள் மூக்கைப் பிடித்துக் காட்டினீர்கள். வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று சிரித்தேன். "ஏன்டா சிரிக்கறே? உனக்கு ரோசமே இல்லியா?" என்று யாரோ கேட்டீர்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாத பதில்தான் இது.

எங்கள் வீடு இருந்த காலனியை உங்களில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். தாராபுரம் சாலையைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறினால் வரும். யாருக்கும் எதற்கும் உதவாத நிலம் என்பதால்தான் அதை வீடு கட்ட எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். சுக்கான் கல். கடப்பாரையைப் போட்டால் தீப்பொறி பறக்கும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அதில் வேலிமுள்ளைத் தவிர எதுவும் முளைத்ததில்லை.

அப்பா சிறுவயதிலிருந்தே ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்துக்காரரை எங்கள் சனம் பண்ணாடி என்றும் அவர் வீட்டம்மாவைப் பண்ணாடிச்சி என்றும் சொல்லும். அம்மா எங்கே களையெடுப்பு என்றாலும் கூலிக்குப் போவாள். இருவரும் பள்ளிக்கூட வாசலை மழைக்கு ஒதுங்குவதற்காக மட்டுமே மிதித்தவர்கள்.

மாரியம்மன் திருவிழாவை நோம்பி என்போம்; நோம்பி என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து இறங்கும். முதல் நாள் மாவிளக்கு. அன்று காய்ச் சாப்பாடு. மறுநாள்தான் கிடா. அந்தக் காய்ச் சாப்பாட்டுக்கு அப்பா பண்ணாடியிடம் கேட்பார். பண்ணாடி ஒரு சாக்கு காய் கொடுப்பார். சந்தையில் விலை போகாத முற்றல் வெண்டை, சொத்தைக் கத்திரி, வெயிலில் வெம்பிய தக்காளி. அம்மா பாதியைக் கழித்துவிட்டு மீதியைச் சமைப்பாள். காலியான சாக்கைத் துவைத்துக் காயவைத்து மடித்து மறுநாள் திருப்பி அனுப்புவாள். வருஷா வருஷம் நடந்தது இதுதான். யாருக்கும் இதில் குறை தெரிந்ததில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், நோம்பிச் சாப்பாட்டில் அத்தையின் இலையில் ஒரு புழு கிடந்தது. அப்பாவின் அக்கா. ஈரோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மஞ்சள் மண்டியில் வேலை செய்து நாலு மனிதரைப் பார்த்தவள், வாய் சும்மா இருக்காது. கத்திரிக்காயைப் பிட்டுப் புழுவை விரலால் எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள்.

"பண்ணாடி ஊட்டு மாடு வேண்டாம்னு தள்ளுனதை எங்களுக்குப் போடறீங்களாட்ட இருக்குது" என்றாள்.

பந்தியில் சிரிப்பு எழுந்தது. அப்பாவும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாத்தனாரை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏனுங்க நங்கை, அடுத்த நோம்பிக்கு வாங்க. உங்க எலையில எங்க ஊட்டுக் காய் தவிர ஒண்ணும் வுழுகாது. வேற காய் வுழுந்துச்சுன்னா அன்னைக்கு என்ற ஊட்டுல அடுப்பே எரியாது."

"எங்க, இந்தச் சுக்கான் காட்டுலயா?" என்றாள் அத்தை. "வெளைஞ்சா எனக்கும் ஒரு மூட்டை எடுத்து வையிங்க."

மறுநாளிலிருந்து அம்மா வேலையிலிருந்து வெறுந்தலையோடு வீடு திரும்பியதில்லை. வற்றிய ஓடையில் வண்டல் வெட்டி ஒரு கூடை. ஆட்டுப்பட்டி கடந்து வந்தால் ஒரு கூடை எரு. கடப்பாரையால் குழி குழியாகப் பறித்தாள்; ஒவ்வொரு குழியையும் அந்தக் கூடைகளால் நிரப்பினாள். எங்கள் தோட்டத்தின் மண் மொத்தமும் அம்மாவின் தலையில் ஏறி வந்தது. மழை விழுந்ததும் கத்திரி, வெண்டை, தக்காளி ஊன்றினாள். பந்தல் போட்டு அவரையும் பீர்க்கனும் ஏற்றினாள். வேறு ஊர்க்காரர்கள் பரங்கி என்று சொல்லும் அரசாணிக்கொடியைக் கூரை மேல் விட்டாள். முருங்கைக் கிளை ஒன்று, பப்பாளி ஒன்று.

மழை நின்ற பிறகுதான் சிக்கல். காலனிக்கு இருந்தது ஒரே குழாய். லேசாக உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணிதான், அதற்கும் வரிசை. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் போனால் செடிக்கு ஒரு சொம்பு மிஞ்சாது. அம்மா ஒருநாள் குழாயடியிலிருந்து வந்து யோசித்துக்கொண்டே நின்றாள். பிறகு குளிக்கிற பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் கத்திரிக் குழியின் ஓரத்தில் போட்டாள்.

"கண்ணு, இனிமேட்டு இங்க குளி."

அப்படித்தான் தொடங்கியது. அதன் பிறகு நான் எங்கே குளிக்க வேண்டும் என்பதைச் செடிகள் முடிவு செய்தன. காலையில் அம்மா ஒரு சுற்றுப் போய்வருவாள். எது துவண்டிருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லுவாள். "இன்னைக்கு வெண்டைக்குக் குளி." "தக்காளி நேத்தே குளிச்சிருச்சு, நீ பீர்க்கனுக்குப் போ." நான் பலகையைச் சுமந்துகொண்டு அந்தக் குழிக்குப் போய் உட்கார்ந்து தலையில் ஊற்றுவேன். சேறான காலைக் கழுவக் கடைசியாக ஒரு சொம்பு உண்டு. அதையும் கறிவேப்பிலை ஓரத்தில் நின்றுதான் ஊற்ற வேண்டும். அம்மா தனக்குச் சுவரோரம் சேலை மறைப்புக் கட்டி, அங்கிருந்து அரசாணி வேருக்குச் சின்னதாக வாய்க்கால் இழுத்திருந்தாள்.

சோப்பு கூடாது. "சோப்புத் தண்ணி வேரைச் சுட்டுப்போடும்" என்பாள். ஓடைக்கரை மரத்தில் அரப்புத் தழை உருவி வந்து, காயவைத்து, இடித்து, டப்பாவில் வைத்திருப்பாள். தலைக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான். எவ்வளவு அலசினாலும் முடிக்குள் பச்சைத் துகள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்கு அது தெரியும். பள்ளிக்கூடக் குழாயடியில் சட்டை நுனியால் தலையை நான் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நம் கணக்கு வாத்தியார் ஒருநாள் என்னை எழுப்பி நிறுத்தியது நினைவிருக்கிறதா?

"குளிச்சியாடா?"

"குளிச்சேனுங்க சார்."

"தலையில என்ன பாசி புடிச்சிருக்குது? பொய் வேற சொல்றியா? போ, ஊட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வா."

வகுப்பில் அன்று காலையில் கடைசித் துளி வரை பொறுப்பாகக் குளித்துவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்று இன்றும் சத்தியம் செய்வேன். அவர் கெட்டவர் இல்லை. காலனிப் பையன் என்றால் குளிக்க மாட்டான் என்று அவருக்கு யாரோ விடை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தும் அதை அவர் போட்டுப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு அன்று கூலி வேலை இல்லை. நடந்ததைக் கேட்டாள். திட்டுவாள், பள்ளிக்கு வந்து சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னொருக்காக் குளிக்கச் சொன்னாரா? நல்ல மனுசன். அவரை வாடிக் கெடக்குது, வா வா."

தனக்கென்று எடுத்துவைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்து என் தலையில் ஊற்றினாள். அழுகை எப்போது சிரிப்பானது என்று எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் புண்ணியத்தில் அன்று அவரையும் குளித்தது.

எங்கள் வீட்டில் தோட்டத்துக்குக் குளிக்காத ஆள் ஒருவர்தான். அப்பா. வேலை முடிந்ததும் பண்ணாடியின் மோட்டார்த் தொட்டியிலிருந்து விழும் தண்ணீரில் நின்று குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு பொழுதோட வீட்டுக்கு வருவார். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடித் தென்னைக்குப் போய்விடும்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்து குளிச்சா ரெண்டு வெண்டை பொழைக்குமில்லீங்க?" என்று அம்மா கேட்பாள்.

"அங்க ஆனையாட்டத் தண்ணி வுழுகுது. அதை உட்டுப்போட்டு உன்ற ஒரு கொடத்துல, பையனாட்டப் பலகையைத் தூக்கிட்டுச் செடி செடியாத் திரியச் சொல்றியா புள்ளே? பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமுங்க. நீங்க வேர்வை சிந்தறதும் அங்கதான். அதைக் கழுவற தண்ணியும் அங்கதானா ஊத்தோணும்?"

அப்பா ஈரத் துண்டைக் கொடியில் உதறிப் போடுவார். அம்மா எதுவும் சாதிக்கப்போவதில்லை என்று அவர் நினைத்தார். நோம்பியன்று அவள் தலைகுனிய வேண்டியிருக்குமே என்ற பயமும் இருந்தது. பயத்தைக் கிண்டலாக மாற்றிக்கொள்வது அவர் பழக்கம். அது பயம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் செடிகள் கேலியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. தை பிறந்தபோது எங்கள் வீட்டில் காய் இல்லாத நாளே இல்லை. கத்திரிக்காய் காம்பு முள்ளோடு பளபளவென்று இருக்கும். ஒடித்தால் டப்பென்று சத்தம் வரும். காலையில் பறித்த வெண்டையின் நுனியை நான் ஒடித்து ஒடித்துத் தின்பேன். அம்மா எதையும் வீணாக்க மாட்டாள். பீர்க்கங்காய்ச் சதை கடைசலுக்கு, தோல் துவையலுக்கு, முற்றிப் போனது என் முதுகு தேய்க்க. மிஞ்சிய கத்திரியையும் அவரையையும் உப்பு நீரில் போட்டெடுத்துப் பாறையில் வற்றல் காயப்போடுவாள். ஒருநாள் நான் டப்பாவில் கொண்டுவந்த பப்பாளித் துண்டுகளை நீங்கள் பிடுங்கித் தின்றீர்களே, அது நான் குளித்து வளர்த்த மரம். "எந்தக் கடைடா?" என்று கேட்டவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. "எங்க ஊட்டுது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கையிலிருந்ததைக் கீழே போட்டிருப்பீர்களோ என்று அப்போது ஒரு பயம். இப்போது சொல்கிறேன்: எங்க ஊட்டுது.

கோயிலில் நோம்பி சாட்டி நாள் குறித்தார்கள். பந்தல் முழுக்க அவரை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. காயை விரலால் சுட்டக்கூடாது என்பாள் அம்மா; சுட்டினால் பிஞ்சு வெம்பிவிடும், முஷ்டியை மடக்கித்தான் காட்ட வேண்டும். நானும் அவளும் மாலை வேளைகளில் இரண்டு மல்லர்களைப் போல முஷ்டியை நீட்டி நீட்டிக் காய்களைக் காட்டிக்கொள்வோம். "இது பொரியலுக்கு." "அது அத்தை எலைக்கு."

நோம்பி நெருங்கியிருந்தபோது ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. பங்குனியிலேயே கோடை மழை. மழை கொஞ்சம்தான், காற்றுதான் அதிகம். நான் பள்ளிவிட்டு வந்தபோது பந்தல் தரையில் கிடந்தது. கால்கள் முறிந்து, கொடிகள் ஒன்றோடொன்று முறுக்கி, பூ முழுவதும் உதிர்ந்திருந்தது. பப்பாளி கொண்டை முறிந்து தொங்கியது. கத்திரிச் செடிகள் சாய்ந்து வேர் தெரிந்தது.

அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"கூடையை எடு. பொறுக்குவோம்" என்றாள்.

பந்தலுக்கு அடியில் நான் ஊர்ந்து போனேன். ஈர இலையும் நசுங்கிய பிஞ்சும் மண்ணும் கலந்த வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. கை பட்ட அவரையையும் பீர்க்கனையும் பறித்து வெளியே தள்ளினேன். அம்மா அவற்றை ஈரத் துணியில் பொதிந்து வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தாள். பப்பாளிக் காய்களை வைக்கோலுக்குள் புதைத்தாள். கத்திரி வேருக்கு மண் அணைத்தாள். கூரை மேலிருந்த அரசாணிக் காய்களும் முருங்கையும் தப்பித்திருந்தன. போதுமா என்று நான் கேட்டேன். "இன்னைக்குக் கத்திரிக்குக் குளி" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா வந்தார். விழுந்த பந்தலைச் சுற்றி வந்தார். முறிந்த காலொன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அப்போது அவர் என்ன முடிவு செய்தார் என்பது மாவிளக்கு அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரம்பரை வந்து இறங்கியது. அத்தை ஈரோட்டிலிருந்து வாசனைச் சோப்பும் கையுமாக வந்தாள்.

"நங்கை, இங்க அரப்புப் போட்டுத்தானுங்க குளிக்கோணும்" என்றாள் அம்மா.

"என்னது? நானென்ன ஆடா, தழையை அப்பிக்கறதுக்கு?"

"சோப்புதான் வேணும்னா முருங்கைக்குப் போயிக் குளிங்க. அது எதையும் தாங்கும்."

"மரத்துக்கெல்லாம் ஆள் ஒதுக்கி வெச்சிருக்கறயா! கேட்டியா தம்பி, உம் பொண்டாட்டி என்னைய முருங்கைக்குக் குளிக்கச் சொல்றா!"

அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை சிரித்துக்கொண்டே முருங்கைக்குப் போய்க் குளித்தாள். அத்தையின் பிள்ளைகள் பலகைக்குச் சண்டை போட்டார்கள்.

அம்மா அடுப்பு மூட்டவில்லை இன்னும். காய்களை வாசலில் பழைய சேலையை விரித்துக் குவித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பண்ணாடியின் மகன் மொபெட்டில் வந்து நின்றான். கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறவன். நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தான். வண்டியின் பின்னால் ஒரு சாக்கு.

"அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்று சாக்கை இறக்கினான். "நேத்துக் கேட்டிருந்தாராமா, உங்க ஊட்டுக்காரர்."

அத்தை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஓ, இதுதானா உங்க தோட்டம்? வண்டியில வருதா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். "பந்தல் போயிருச்சில்ல… பத்தாமப் போனா என்ன பண்றதுன்னுதான்…" அடுப்பே எரியாது என்று அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாளே, எரியாமலே போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துதான் பண்ணாடியிடம் கேட்டாராம். பின்னாளில் அவரே என்னிடம் சொன்னது இது. அவளைக் காப்பாற்றத்தான் அவர் சாக்குக் கேட்டார். அந்தச் சாக்குதான் அவளைக் கவிழ்க்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா சாக்கைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அப்பாவின் வேலை அன்றோடு போயிருக்கும். வாங்கி உள்ளே வைத்திருக்கலாம். அவள் சொல் போயிருக்கும். அவள் சாக்கின் வாயைக்கூட அவிழ்க்கவில்லை.

"கண்ணு, இதை இழுத்துட்டுப் போ. நம்ம லைன்ல யாரூட்டுல காய் பத்தலையோ, பண்ணாடி குடுத்தாருன்னு சொல்லி அவியளுக்குப் பிரிச்சுக் குடு" என்றாள். பண்ணாடியின் மகனிடம் திரும்பினாள். "சின்னப் பண்ணாடி, சித்தெ இருங்க."

உள்ளே போய் அன்னக்கூடையை எடுத்து வந்தாள். எவர்சில்வரில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய பாத்திரம் அது. அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. விளிம்பில் அப்பா, அம்மா பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கும். அதை நோம்பிக்கும் பொங்கலுக்கும் தவிரப் பரணிலிருந்து இறக்க மாட்டாள். சேலையில் குவித்திருந்த காயில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து அதில் அடுக்கினாள். அடியில் ஒரு முழு அரசாணிக்காய், மேலே கத்திரி, ஒரு கொத்து அவரை, ஒரு பப்பாளிப் பழம்.

"எங்க ஊட்டுக் காயிங்க. பண்ணாடிச்சிகிட்டக் குடுங்க. வெறும் வண்டியா அனுப்பறது மொறை இல்லீங்க."

உங்களுக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து ஏதாவது வந்தால் அந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இடையிலான முறை. தோட்டத்துக்கும் காலனிக்கும் இடையே அந்த முறை எப்போதும் இருந்ததில்லை. அங்கிருந்து நிறைந்து வரும். இங்கிருந்து துவைத்து மடித்துப் போகும். அம்மா அதை மாற்றினாள். அவளுக்கு அது தெரிந்துதான் இருந்தது.

பண்ணாடியின் மகன் ஒரு கணம் திகைத்தான். பிறகு அன்னக்கூடையை வாங்கி, காலுக்கிடையே வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அப்பா அம்மாவின் அருகே வந்தார். "வேலைக்கு வராதேன்னு சொல்லிப்போட்டா என்ன புள்ளே பண்றது?"

"சொன்னாப் பாக்கலாமுங்க. இப்ப அடுப்பைப் பத்த வைக்கறேன்."

அடுப்பு எரிந்தது. முருங்கைக்காய் போட்ட பருப்புக் குழம்பு, கத்திரிப் பொரியல், அவரைப் பொரியல், அரசாணிக்காய்க் கூட்டு, பீர்க்கன் தோல் துவையல், தக்காளி ரசம், கடைசியில் பப்பாளி. எல்லாருக்கும் இரண்டாம் முறை பரிமாறியும் சட்டியில் மிச்சம் இருந்தது. அத்தை ஒவ்வொரு கத்திரித் துண்டையும் விரலால் விரித்துப் பார்த்தாள். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

"புழு இல்லீங்க நங்கை. இருந்தா அதுவும் எங்க ஊட்டுப் புழுதான்."

பந்தியே சிரித்தது. அத்தை கூட்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "வெல்லம் போட்டிருக்கறயா இதுல?"

"இல்லீங்க. நான் குளிச்ச காய் அது" என்றாள் அம்மா.

"இந்தக் கொழம்புல முருங்கை நான் குளிச்சதாக்கும். வாசமா இருக்குது பாரு, சோப்பு வாசம்" என்றாள் அத்தை. இன்னொரு கரண்டி வாங்கினாள். தோற்றதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை போல. "எலை மட்டும் கடை எலைதான?"

"அடுத்த வருசம் வாங்க. வாழையும் வெக்கறேன்."

ஒரம்பரை போய்விட்டது. அன்னக்கூடை வரவில்லை. அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் எதுவும் சொல்லவுமில்லை. அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்பாள்: "ஏனம் வந்துச்சுங்களா?" அவர் தலையை ஆட்டுவார். அம்மா பரணில் அன்னக்கூடை இருந்த இடத்தைத் துடைத்து வைத்திருந்தாள்.

ஒரு மாலை நான் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஓடை மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. தலையில் ஏதோ மின்னியது. கிட்ட வந்ததும் அது அன்னக்கூடை என்று தெரிந்தது. அதன் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். அம்மா ஓடி வந்து இறக்கினாள். துண்டை விலக்கினாள்.

உள்ளே உரித்த தேங்காய்கள், நார்க்குடுமியோடு.

"பண்ணாடிச்சிதான் எடுத்து வெச்சாங்க" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "'அந்த அரசாணிக்கு விதை இருந்தா ரெண்டு குடுக்கச் சொல்லு அம்மணிகிட்ட'ன்னாங்க." அம்மணி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். அதுவரை அந்த வீட்டில் அம்மாவுக்கு 'இந்தா புள்ளே'தான்.

எங்கள் காய்களை அந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்களா, மாட்டுக்குப் போட்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விதை கேட்டதால் அரசாணியையாவது அரிந்திருப்பார்கள். அம்மா அதை யோசித்த மாதிரியே தெரியவில்லை. ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் சளக்கென்றது.

"இது நீங்க குளிச்ச காயிங்க" என்றாள். "எத்தன வருசமாக் குளிச்சீங்க. இப்பத்தான் ஊடு வந்து சேருது."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் வைத்துக்கொண்ட சிரிப்பு இல்லை. அப்போதுதான் கவனித்தேன்: அவர் தோளில் ஈரத் துண்டு இல்லை. உடம்பெல்லாம் தோட்டத்துப் புழுதி. காலில் சேறு காய்ந்திருந்தது. மோட்டார்த் தொட்டியைத் தாண்டி, குளிக்காமல் வந்திருந்தார்.

சுவரில் சாத்தியிருந்த பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தோட்டத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"நான் எதுக்குக் குளிக்கட்டும்?" என்று கேட்டார்.

அம்மா மெதுவாக ஒரு சுற்று நடந்தாள். விழுந்த பந்தலின் ஓரத்தில், முறிந்த கொடியின் அடியிலிருந்து புதுத் தளிர் ஒன்று எழுந்திருந்தது. விரலை நீட்டாமல் முஷ்டியை மடக்கிக் காட்டினாள்.

"அவரைக்குக் குளிங்க."

நான் அரப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அவர் தலையில் அங்கங்கே பச்சைத் துகள் ஒட்டியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. நானும் குழாயடியில் நிற்காமல் நேராக வகுப்புக்கு வந்தேன்.

நீங்கள் மூக்கைப் பிடித்துக் காட்டினீர்கள். நான் சிரித்தது அன்றுதான்.